பழைய ஜீப் வாங்கும் முன்: குன்னூர் மெக்கானிக்கிடம் கேள்வி பதில்

குன்னூரில் 31 ஆண்டுகளாக ஜீப் பட்டறை நடத்துகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: அண்ணா, 1994 மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயிண்ட், பளபளவென்று இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

காலை ஆறு மணிக்கு, சொல்லாமல் போய் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். இன்ஜினின் நோய் குளிரில்தான் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

பிறகு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுங்கள். இந்த மலையில் ஜீப்புகள் உர மூட்டையும் சுமந்தவை. சிந்திய பொட்டாஷ், பனி ஈரத்தில் கரைந்து சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) இடுக்கில் தங்கி இரும்பைத் தின்றுவிடும். சின்னச் சுத்தியலால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்கும் இடத்தில் சுரண்டிப் பாருங்கள். போன மாதம் ஒரு வண்டியில் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். பெயிண்ட் தோலாக உரிந்தது, அடியில் புட்டி, அதற்கும் அடியில் செதில் செதிலாகத் துரு. இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். சேசிஸ் போனால் வண்டியே போயிற்று.

பெருமாள்மலை வாசகர்: நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று தார் ரோட்டில் போட்டுப் பார்த்தால் போதுமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பழைய வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும். தாரில் வழுக்க வழியில்லாததால் முறுக்கு ஏறி, கியர், ஜாயிண்ட் எல்லாம் அடிவாங்கும். தோட்டத்து மண் பாதையில் போட்டுப் பாருங்கள். லோ கியரில் மேடு ஏறும்போது லீவர் தானாக வெளியே வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. முன் அச்சின் ஆயிலையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பால் விட்ட காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கேத்தி வாசகர்: 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி. ஏற்றத்தில் புகையே இல்லை. வாங்கலாம் அல்லவா?

இறக்கத்தில் பார்த்தீர்களா? எல்லோரும் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். செகண்ட் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டு ஒரு கிலோமீட்டர் இறங்குங்கள். பிறகு மிதித்ததும் நீலப் புகை வீசினால் வால்வு வழியாக ஆயில் கசிகிறது. அதைச் சரிசெய்யலாம். இறங்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு விழுந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மலையில் அது உயிர் போகும் விஷயம்.

கூடலூர் வாசகர்: என்ன விலை கொடுக்கலாம்?

விலை நான் சொல்வதில்லை.

ஊட்டி வாசகர்: டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) இல்லாத டீசல் ஜீப். ஏற்றத்தில் கறுப்புப் புகை. டீசல் பம்ப் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய பம்புக்கு அது தெரியாது, கீழே சமவெளியில் கொடுத்த அதே அளவு டீசலைத்தான் கொடுக்கும். முழுதாக எரியாதது கறுப்பாக வெளியே வருகிறது.

மேட்டுப்பாளையம் வாசகர்: மன்னிக்கவும் அண்ணா, இது விற்பவர்கள் சொல்லும் சாக்கு. பம்ப் ஸ்க்ரூவைக் குறைத்தால் புகை நின்றுவிடும். நானே செய்திருக்கிறேன்.

நிற்கும். இழுவையும் சேர்ந்து போகும், உங்கள் ஊரில் இறக்கினால் அது நன்றாகவே தெரியும். புகையை மறைக்க நினைப்பவர்கள் செய்வதும் இதைத்தான்.

வெலிங்டன் வாசகர்: அப்படியானால் எது மலையால் வரும் புகை, எது பம்பால் வரும் புகை?

சமதரையில் லேசாக மிதிக்கும்போதே கறுத்தால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டீசலைத் தெளிக்கும் நாசில், கடைசியில் பம்ப். முழுக்க மிதித்து ஏறும்போது மட்டும் கறுத்தால், மேட்டுப்பாளையம் போகும் வழியில் பர்லியார் தாண்டி இறக்கி, அங்கே ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். புகை தெளிந்தால் பம்பைத் தொடாதீர்கள்.

மேட்டுப்பாளையம் வாசகர்: அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்க விற்பவர் விடுவாரா?

விடாவிட்டால் வாங்காதீர்கள். மலையைக் காரணம் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு, அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. அதற்காகத்தான் இறக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

தாண்டிக்குடி வாசகர்: நேற்று மத்தியானம் பார்த்தேன், சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. வாங்கலாமா?

கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன முதல் பதிலைப் படியுங்கள். காலை ஆறு மணி, குளிர்ந்த இன்ஜின்.

பூம்பாறை வாசகர்: ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல் இன்ஜின் இருக்கிறது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஊட்டி வாசகர்: இறக்கிப் பார்த்தேன் அண்ணா. பர்லியாருக்குக் கீழே புகை தெளிந்துவிட்டது. ஆனால் திரும்பி ஏறும்போது காட்டேரி பூங்கா அருகே ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

நல்லவேளை, வாங்கும் முன் கொதித்தது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், ஊட்டியில் 92, 93 டிகிரியில். அதைப் பிடித்து வைப்பது மூடியின் அழுத்தம்தான். நன்றாக ஆறிய பிறகு மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால் புது மூடி போட்டு மறுபடி அதே வழியில் ஏற்றுங்கள். அப்போதும் கொதித்தால், மறுநாள் குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து தண்ணீரைக் கவனியுங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள். வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், அடுத்து வாட்டர் பம்பைப் பார்ப்போம்.