ஒளிப்படம்: கேள்வி – பதில்

கேள்வி: வேலை நிமித்தம் மும்பையில் தங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லால்பாக், பரேல், வொர்லி ஆகிய பழைய மில் பகுதிகளில் படமெடுத்து வருகிறேன். துருப்பிடித்த கதவு, காரை பெயர்ந்த சுவர், புகைபோக்கி என்று எல்லாம் ஒரே மாதிரி வருகின்றன. பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள், எனக்கு நிறைவில்லை. என்ன குறை? – வாசகர், தாராவி

பதில்: துருவும் பெயர்ந்த காரையும் எந்த ஊரிலும் கிடைக்கும். நீங்கள் அனுப்பியுள்ள படங்களில், முக்கியமாகக் கறுப்பு வெள்ளையாக மாற்றியவற்றில், அது மும்பை என்று சொல்வதற்கு எந்தத் தடயமும் இல்லை. 1850களில் தார்தேவில் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், கொங்கணக் கடற்கரையிலிருந்தும் சாத்தாரா போன்ற மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை இழுத்துவந்து, மில்களைச் சுற்றி ஒரு தனி ஊரையே எழுப்பியது. மராத்தியர் அதைக் கிரண்காவ் என்கிறார்கள். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த நிலங்களில் வணிக வளாகங்களும் கண்ணாடிக் கோபுரங்களும் எழுந்தன. மில் போனாலும் மில்லுக்காக வந்த குடும்பங்களில் பல இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே புகைபோக்கியை விட்டுவிட்டு, ஒரு பொது நடையை ஒட்டி ஓரறை வீடுகள் வரிசையாக அமைந்த ‘சால்’ என்னும் மாடிக் குடியிருப்புகளின் நடைக்கு வாருங்கள்.

வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை (பி.டி.டி.) கட்டிய சால்களை எடுத்துக்கொள்வோம். ஓர் அறை 160 சதுர அடிதான். கழிப்பறை மாடிக்குப் பொது. இவ்வளவு சிறிய அறையில் ஒரு குடும்பம் வாழ வேண்டுமானால் வீட்டின் பாதி வாசலுக்கு வெளியே வந்துதான் தீரும். கதவோரத்து நீல நிறத் தண்ணீர் டிரம், அதன்மேல் கவிழ்த்த வாளி, செருப்பு அலமாரி, கொடியில் உலரும் பள்ளிச் சீருடை என ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே நடையில் நான்கைந்து வாசல்களை ஒரே தூரத்திலிருந்து, ஒரே உயரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் உள்ள வேறுபாடு தானாகத் தெரியவரும்.

ஏப்ரல், மே மாதங்களில் லால்பாக்கின் மசாலாக் கடைகளுக்கும் போகலாம். ஆண்டு முழுவதற்குமான மிளகாயை வாங்கி வறுத்து இடிக்கக் கொடுத்துவிட்டு, தங்கள் சரக்கு மற்றவருடையதோடு கலந்துவிடாதபடி இயந்திரத்தின் பக்கத்திலேயே முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு காவல் நிற்கும் பெண்களை அங்கே காணலாம். அந்தக் காட்சியைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பவரை நான் மன்னிக்க மாட்டேன். (லென்ஸைக் கடைக்குள் கழற்றி மாற்ற வேண்டாம். தூள் கேமராவுக்குள் போகும், அதற்கு முன் மூக்குக்குள் போகும்.)

கேள்வி: குறுகிய சந்துகளில் கட்டடங்கள் பின்பக்கம் சாய்ந்தது போல் விழுகின்றன. நிழல் கறுத்தும் வானம் வெளுத்தும் போகிறது. – வாசகர், செம்பூர்

பதில்: கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வரும் சாய்வு இது. அனுமதி பெற்று எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடி நடையில் நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால் சரியாகிவிடும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, மே மாத நண்பகலில் மும்பையில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் அந்த நேரத்தைத் தவிர்ப்பதே நல்லது. வெளிச்சமான பகுதிக்கு ஏற்ப ஒளி அளவை வைத்து, கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) வடிவில் எடுத்து, நிழலைப் பிறகு உயர்த்திக்கொள்ளுங்கள். மழைக்கால மேகமூட்டத்தில் இந்தத் தொல்லையே இராது.

கேள்வி: கேமராவை எடுத்தாலே, 'பில்டர் அனுப்பிய ஆளா?' என்று கேட்கிறார்கள். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்துவிடலாமா? – வாசகர், பாண்டுப்

பதில்: வேண்டாம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வொர்லி பி.டி.டி. சால்களிலிருந்து முதல் குடும்பங்கள் 2025இல் புதிய அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. மற்ற இடங்களிலும் மறுகட்டுமானப் பேச்சு ஓயவில்லை. கணக்கெடுக்க வருபவர்களும் கையில் கேமராவோடுதான் வருகிறார்கள்.

இந்தச் சந்தேகம் மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னன் என்ற ஒளிப்படக் கலைஞர் தொழிலாளர் வாழ்ந்த நெருக்கடியான சந்துகளைப் படமெடுத்தார். 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அச்சந்துகளை வாங்கி இடிக்கும் அதிகாரம் பெற்றிருந்த அமைப்பே அவரை அந்த வேலைக்கு அமர்த்தியது. இருண்ட சந்தில், அன்று படம் பதிக்கப் பயன்பட்ட, ரசாயனம் பூசிய ஈரக் கண்ணாடித் தட்டு நெடுநேரம் ஒளி வாங்க வேண்டியிருந்ததால், அசையாமல் நின்றவர்கள் தெளிவாகவும் அசைந்தவர்கள் புகைபோல மங்கியும் விழுந்திருக்கிறார்கள். இன்று அந்தச் சந்துகள் எப்படி இருந்தன என்று அறிய அப்படங்களே முக்கியச் சான்று. ஆனால் அவற்றில் நிற்பவர்களின் பெயர்கள் படத்தோடு வரவில்லை.

நீங்கள் அதைவிட மேலாகச் செய்யலாம். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, யார் நீங்கள், எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 'ஃபோட்டோ காடூ கா?' (படம் எடுக்கட்டுமா?) என்று மராத்தியில் கேட்டாலே முகம் சற்று இளகும். மறுமுறை போகும்போது அச்சிட்ட படத்தைக் கையில் கொடுங்கள். கைப்பேசியில் காட்டுவது அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, கட்டட எண், மாடி, எந்தத் திசை பார்த்து எடுத்தது, சம்மதித்தவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றிரவே குறித்துவையுங்கள். மூடிக்கிடக்கும் மில் வளாகங்களுக்குள் காவலாளியை ஏய்த்து நுழைய வேண்டாம்; கூரைகள் நம்பத்தக்கவை அல்ல. வீட்டுப் பெயர்ப்பலகை தெரியும் படங்களை, அறை ஒதுக்கீட்டில் தகராறு இருக்கக்கூடும் என்பதால், வீட்டாரிடம் கேட்ட பிறகே இணையத்தில் ஏற்றுங்கள்.