கான்பான் பலகை வைத்தும் வேலை முடியத் தாமதமாவது குறித்து

கான்பான் பலகை (ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, அது இருக்கும் நிலைக்குரிய கட்டத்தில் ஒட்டிவைக்கும் பலகை) வைத்தும் ஒரு வேலை முடிய நான்கு வாரம் ஆகிறது, இன்னும் ஆள் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக ஆள் எடுப்பதற்கு முன், பலகையின் ‘நடப்பில்’ என்ற கட்டத்தில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய வேலைகளுக்கு உச்சவரம்பு வையுங்கள். எல்லோரும் ஓயாமல் உழைத்தும் ஒரு வேலை முடிய நான்கு வாரம் ஆவதற்கான காரணம், நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது. நடப்பில் 24 வேலைகள், வாரத்துக்கு முடிபவை 6. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, கையிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை அவை முடியும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் கால அளவு கிடைக்கும். இங்கே அது சரியாக நான்கு வாரம். வேகம் குறையாமல் கையிருப்பை 12 ஆக்கினால் இரண்டு வாரமாகும்.

வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று, வந்த கோரிக்கையை அன்றே தொடங்கிவிடுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இம்முறை தோன்றிய டொயோட்டா கார் நிறுவனத்தில், அடுத்த பிரிவு பொருள் கேட்டு அனுப்பும் கான்பான் அட்டை வந்தாலொழிய முந்தைய பிரிவு உற்பத்தியைத் தொடங்காது. அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் பட்டியல்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க, ஒவ்வொரு சீட்டிலும் தொடங்கிய தேதியை எழுதி, அதில் யாரும் கைவைக்காத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு வாரத்தில் புள்ளிகள் எந்தக் கட்டத்தில் குவிகின்றனவோ, அதன் வரம்பை முதலில் குறையுங்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கட்டமாக அது இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஓர் எச்சரிக்கை: இவ்விதி சீராக ஓடும் பணிக்கான சராசரியைத்தான் சொல்கிறது, ஆகவே தனியொரு வேலைக்கு இதைக்கொண்டு வாடிக்கையாளரிடம் தேதி கொடுத்துவிடாதீர்கள். ‘நிறுத்திவைப்பு’ என்று தனிக்கட்டம் திறந்து வேலைகளை அங்கே தள்ளினால், அவற்றையும் வரம்புக்குள் எண்ண வேண்டும்.