ஒரு கப் முந்திரி 200 கிராம் ஆகாது

கேள்வி: தீபாவளிக்கு முந்திரி கத்லி செய்தேன். குறிப்பில் முந்திரி 200 கிராம், சர்க்கரை 100 கிராம் என்று இருந்தது. வீட்டில் தராசு இல்லை. ஒரு கப் 200 கிராம்தானே என்று முந்திரி ஒரு கப்பும் சர்க்கரை அரை கப்பும் எடுத்தேன். நெடுநேரம் கிளறியும் திரளவில்லை. திரண்டபோது கல்லாகிவிட்டது. எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சர்க்கரையில் நீங்கள் தவறவில்லை. 240 மி.லி. கப்பில் தலைதட்டி அளந்தால் சர்க்கரை 200 கிராம் நிற்கும். அந்த 200 நம் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதை அளந்தாலும் அதையே சொல்கிறோம். முந்திரியோ வளைந்த பருப்பு. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடையிடையே வெற்றிடம் விட்டு நிற்கும். அதே கப்பில் முழு முந்திரி ஏறக்குறைய 135 கிராம்தான். உங்கள் வாணலியில் 65 கிராம் முந்திரி குறைந்திருக்கிறது. பாகைப் பிடித்துக்கொள்ளப் பொடி போதவில்லை. நீங்கள் கிளறக் கிளறப் பாகு முற்றிவிட்டது. 200 கிராமுக்கு ஒன்றரை கப் போட்டிருக்க வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த ஒன்றரை கப், பொடிப்பதற்கு முன் அளந்த முழுப் பருப்பு. பொடித்துச் சலித்த பிறகு அதுவே உப்பி, இரண்டு கப் அளவுக்கு வந்துவிடும். ‘ஒரு கப் முந்திரி, பொடித்தது’ என்பதும் ‘ஒரு கப் முந்திரிப் பொடி’ என்பதும் வேறு வேறு. குறிப்பு எழுதுகிறவர்களே இதில் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்; அந்த வருடம் எங்கள் வீட்டுக் கத்லியை வில்லை போட முடியவில்லை, கரண்டியால் எடுத்துத்தான் சாப்பிட்டோம்.

என் மாமியார் கப்பைக் கண்டவர் அல்லர். அவருக்கு ஆழாக்குதான். படியில் எட்டில் ஒரு பங்கு, 168 மி.லி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஓர் ஆழாக்கு முந்திரி 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ‘கத்லிக்கு இரண்டு ஆழாக்கு’ என்று அவர் சொன்னது உங்கள் 200 கிராமேதான்!

எண்ணியும் போடலாம், பொறுமை இருந்தால். கடையில் 320 என்று தரம் சொல்லும் முந்திரி, ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு நிற்கும். 200 கிராமுக்குச் சுமார் 140 பருப்பு.

மற்ற பருப்புகளையும் கேட்பீர்கள்: கப்புக்கு பாதாம் 140, நிலக்கடலை 145, வால்நட் உடைக்காத பாதிகளாக 100 கிராம்.

தராசு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. 100 கிராம் முந்திரிப் பொட்டலத்தை வழக்கமாக அளக்கும் எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, இரண்டு முறை தட்டி, மட்டம் நிற்கும் இடத்தில் வெளிப்புறம் நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். என் டம்ளரில் அந்தச் சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது.

கல்லான கத்லியை எறியாதீர்கள். உடைத்து மிக்ஸியில் பொடித்து, குறைந்த 65 கிராம் முந்திரியையும் பொடித்துச் சேர்த்து, மூன்று நான்கு தேக்கரண்டி பால் தெளித்து, சிறு தீயில் ஒட்டாமல் திரளும்வரை கிளறுங்கள். பால் சேர்ந்திருப்பதால் இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.