அட்டை உங்கள் கையில், கடிதம் யாருக்கு?

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனமாகத் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. ‘இந்த வருஷம் உங்க மகளுக்குக் கல்யாணம்தான்’ என்று எல்லாரும் சொன்னார்கள். ஆடியும் முடிந்துவிட்டது, இன்னும் அமையவில்லை. வந்த இரண்டு நல்ல வரன்களும் நம்ம ஆட்கள் இல்லை என்பதால் விட்டுவிட்டோம். ‘உனக்கு விசுவாசம் போதாது, அந்த வசனத்தைத் தினமும் நூறு தடவை அறிக்கையிடு’ என்கிறார் ஜெபக்குழு அக்கா. வாக்குத்தத்தம் பொய்யாகுமா?
– ஒரு சகோதரி, அயனாவரம்

பதில்: பொய்யாகாது சகோதரி. ஆனால் அது உங்களுக்கு வந்த வாக்குத்தத்தம்தானா என்று முதலில் பார்ப்போம்.

அந்த இரவு எனக்கும் தெரியும். மணி பன்னிரண்டைத் தாண்டியதும் தட்டு வரிசை வரிசையாக வரும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுப்பவர்கள் உண்டு. முனையை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுபவர்களும் உண்டு. நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன். ‘கர்த்தரை நோக்கி அமர்ந்து, அவருக்குக் காத்திரு’ என்று வந்தது. எனக்கு அந்த வருஷம் வேலை வேண்டியிருந்தது, காத்திருக்கப் பொறுமை இல்லை. மெரினாவில் கிளி எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பிறகு யோசித்தேன். கிளிக்காவது நெல் கிடைக்கிறது.

இப்போது எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து படியுங்கள். அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் தேசத்துக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. உங்கள் அட்டையில் வந்த 11-ம் வசனத்தில் ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ என்று படித்ததும் நம் மனதில் இருக்கிற ஆசைதான் அந்த ‘முடிவு’ என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு வசனம் மேலே போங்கள்: ‘எழுபது வருஷம் முடிந்தபின்பு’ என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். எழுபது வருஷம் என்று எந்த அட்டையிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். எல்லாம் இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும் என்றவன் அவன். ஜனங்களுக்கு எது இனித்திருக்கும்? ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். ‘இந்த வருஷம் கல்யாணம்தான்’ என்று உங்களிடம் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் அது எரேமியாவின் பேச்சு இல்லை, அனனியாவின் பேச்சு. நூறு தடவை சொன்னாலும் அதுவேதான். அந்த அக்காவிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் வேதத்தில் சரிபார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரம் அவர்களைப் பாராட்டத்தான் செய்கிறது.

அதே கடிதத்தில் 6-ம் வசனம் கல்யாணத்தைப் பற்றியே பேசுகிறது, கவனித்தீர்களா? ‘உங்கள் குமாரத்திகளைப் புருஷருக்குக் கொடுங்கள்.’ அங்கே அது வாக்குத்தத்தமாக வரவில்லை, செய்ய வேண்டிய வேலையாக வருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிற அதே வரிசையில்.

சரி, அந்த வேலையை நீங்கள் செய்யாமல் இல்லை. வரன் வந்திருக்கிறது, அதுவும் இரண்டு, அதுவும் ‘நல்ல’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, கதவை அடைத்தது கர்த்தர் இல்லையே? ‘நம்ம ஆட்கள்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். (ஆடி எப்போதிலிருந்து நம் பஞ்சாங்கத்தில் சேர்ந்தது என்பதையும் ஒருநாள் சொல்லுங்கள்.) 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பு இன்றைக்கு நம் திருமண விளம்பரங்களில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. ‘நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்’ என்று கலாத்தியர் 3:28 சொல்கிறது. அடுத்த டிசம்பரில் அந்த அட்டை வந்தால் திரும்பப் போட்டுவிடுவீர்களா?

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அட்டை இருக்கிறது, அக்கா இருக்கிறார், ஆடி இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆதியாகமம் 24-ல் ரெபெக்காளின் வீட்டார் அவளைக் கூப்பிட்டு, ‘இந்த மனிதனோடே போகிறாயா’ என்று கேட்டார்கள். ‘போகிறேன்’ என்றாள். அந்த இரண்டு வரன்களைப் பற்றி உங்கள் மகளிடமும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.