நண்பர் எழுதிய நாடகத்தைப் பரிந்துரைக்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் குறுநாடகங்கள் எழுதி வருகிறேன். பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை, மாணவர்கள் நடிப்பதற்கு அரைமணி நேரத்துக்குள் முடிகிற மூன்று நாடகங்களைச் சொல்லும்படி கேட்டிருக்கிறது. 'உங்களுடையது வேண்டாம், மற்றவர்கள் எழுதியதாகச் சொல்லுங்கள்' என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். என்னோடு எழுதும் நண்பர் ஒருவர் ரேஷன் கடை வரிசையை வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடிக்கும். முடிவு மட்டும் இழுக்கிறது. அதைச் சொன்னால் நண்பருக்குச் சலுகை காட்டினேன் என்பார்கள். சொல்லாவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? பேசாமல் மூன்று பெரிய பெயர்களைச் சொல்லி ஒதுங்கிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

ஒதுங்க வேண்டாம். நண்பரின் நாடகத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். எழுதியவர் என் நண்பர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அப்புறம் யாரும் துருவிக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. கதையோ கவிதையோ அச்சில் கிடந்தால் என்றாவது ஒருவர் எடுத்துப் படித்துவிடுவார். நாடகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாடக நூல் என்றாலே பதிப்பாளர்கள் தயங்குகிறார்கள். நம்மில் பலருடைய பிரதிகள் ஸ்டேப்ளர் அடித்த ஜெராக்ஸ் கட்டுகளாக அலமாரியில்தான் இருக்கின்றன. கூட எழுதுகிற ஒருவர் 'இதைப் போட்டுப் பாருங்கள்' என்று சொன்னால்தான் அவை வெளிச்சத்துக்கு வரும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துப் புஞ்சைதான் ந. முத்துசாமியின் ஊர். 'காலம் காலமாக', 'நாற்காலிக்காரர்' போன்ற அவருடைய ஆரம்ப நாடகங்கள் சிறுபத்திரிகைகளில் வந்தவை. நாடகம் என்றால் சபா நாடகம்தான் என்றிருந்த காலத்தில், சக எழுத்தாளர்கள் அவற்றைப் படித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, பேசிப் பேசித்தான் அவை நிலைத்தன. 1977ல் அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அடுத்த வருடம் ஞாநி பரீக்‌ஷா குழுவைத் தொடங்கினார். ஞாநி தாமே நாடகம் எழுதியவர். அப்படியிருந்தும் இந்திரா பார்த்தசாரதி, ஜெயந்தன், பிரபஞ்சன் என்று மற்றவர்கள் எழுதியதையும் தேடி எடுத்துப் போட்டார். அதைச் சலுகை என்று இன்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு மகளிர் கல்லூரியில் என்னிடம் இதே மாதிரி கேட்டார்கள். நண்பர் ஒருவரின் நாடகத்தைச் சொன்னேன். 'அருமையான நாடகம், தைரியமாகப் போடுங்கள்' என்றேன். அதை ஒரே ஒரு முறை, ரயிலில், அவசரமாகப் படித்திருந்தேன். எட்டுப் பாத்திரங்கள், எட்டும் ஆண்கள், அதில் மூன்று பேர் கிழவர்கள். கதை முழுக்கச் சாராயக் கடையில் நடக்கிறது. என் பேச்சை நம்பி அந்தப் பெண்கள் எடுத்துவிட்டார்கள். நிர்வாகம் ஒப்பாததால் சாராயக் கடை டீக்கடை ஆனது. கிழவர்களுக்குப் பஞ்சில் மீசை ஒட்டினார்கள். கடைசியில் ஒருவன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவான். இனிக் குடிக்க மாட்டான் என்பது அந்த ஓர் அசைவில்தான் தெரியும். டீ கிளாஸைக் கவிழ்த்ததும் அரங்கம் சிரித்தது. நண்பர் மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் அவர் எழுதினார், ஆனால் எனக்குப் படிக்கத் தரவில்லை. யார் கையில் கொடுக்கிறேன் என்று பார்க்காமல் அந்த நாடகத்தைக் கொடுத்துவிட்டேன். இன்று வரை அது எனக்கு வருத்தம்.

அதனால், நண்பரின் பிரதியை நாலு பேரை வைத்து முதலில் வாய்விட்டு வாசிக்கக் கேளுங்கள். தனியாக, மனசுக்குள் படிக்கும்போது அவருடைய குரலையும் நாமே சேர்த்துப் படித்துவிடுகிறோம். எங்கே இழுக்கிறது, எங்கே வசனம் வாயில் நிற்காமல் வழுக்குகிறது என்பதெல்லாம் அடுத்தவர் வாயில் வரும்போதுதான் தெரியும். கையில் கடிகாரம் இருக்கட்டும். வாசிப்பில் 20 நிமிடம் வந்தால், நடமாட்டமும் மௌனங்களும் சேர்ந்து மேடையில் 25 ஆகும் என்பது என் அனுபவம்.

இப்படி வாசித்துக் கேட்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள், 1916 கோடையில் அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் கூடிய சில எழுத்தாளர்கள். படகுத்துறையில் இருந்த பழைய மீன் கொட்டகைதான் அவர்களுடைய அரங்கம். பலகைக்கு அடியில் கடல் அலை அடிக்கும். யூஜின் ஓ'நீலுக்கு அப்போது 27 வயது. வெளியே யாருக்கும் அவரைத் தெரியாது. கப்பல் தொழிலாளி ஒருவன் படுக்கையில் சாகக் கிடக்கிற ஒரு குறுநாடகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சூசன் கிளாஸ்பெல் என்ற எழுத்தாளரின் வீட்டு முன்னறையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். ஓ'நீல் அங்கே உட்காரத் தயங்கி, சாப்பாட்டு அறையில் இருந்துவிட்டார். வாசிப்பு முடிந்தவுடன் எல்லாரும் எழுந்து அவரிடம் போனார்கள். அந்தக் கோடையிலேயே நாடகம் மேடையேறியது. இருபது வருடம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே கோடையில் கிளாஸ்பெல்லும் ஒரு குறுநாடகம் எழுதினார். உங்கள் இரண்டாவது பரிந்துரையாக அதைச் சொல்லுவேன். பெயர் 'டிரைஃபிள்ஸ்', அற்ப விஷயங்கள் என்று அர்த்தம். இளம் வயதில் அவர் ஐயோவா மாநிலத்தில் பத்திரிகை நிருபராக இருந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு விவசாயி கொலையான வழக்கைப் பற்றி எழுதினார். மனைவி மேல் பழி. அந்த வழக்குதான் வருடங்கள் கழித்து நாடகத்துக்கு விதையானது. மேடையில் ஒரு சமையலறை, ஐந்து பேர். மூன்று ஆண்கள் கொலைக்குக் காரணம் தேடி மாடிக்கும் தொழுவத்துக்கும் அலைகிறார்கள். இரண்டு பெண்கள் அடுக்களையிலேயே நிற்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் கடைசி வரை மேடைக்கு வருவதே இல்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவள் பாதியில் விட்டுப்போன வேலைகள் வழியாகத்தான். மேஜை பாதி துடைத்தபடி இருக்கிறது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்த போர்வையில், அதுவரை சீராக வந்த தையல் ஓர் இடத்தில் தாறுமாறாகிவிடுகிறது. அதைப் பார்த்த பெண்களில் ஒருத்தி ஒன்றும் பேசாமல் நூலைப் பிரித்து, ஊசியை எடுத்து, நேராகத் தைக்க ஆரம்பிக்கிறாள். ஏன் தைக்கிறாள் என்று அவளுக்கே அப்போது முழுதாகத் தெரியாது. பார்க்கிற நமக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பிறகு தையல் பெட்டிக்குள் பட்டுத் துணியில் சுற்றி வைத்த ஒரு பறவை கிடைக்கிறது, கழுத்து திருகப்பட்டு. ஆண்கள் தேடிய காரணம் அதுதான். அவர்கள் கண்ணில் படாமல் அந்தப் பெண்கள் அதை ஒரு கோட்டுப் பைக்குள் மறைத்துவிடுகிறார்கள்.

செட்டுக்குச் செலவே கிடையாது. ஒரு மேஜை, ஒரு அடுப்பு, ஒரு காலிக் கூண்டு போதும். நன்றாக நடிக்கத் தெரிந்த இரண்டு மாணவிகள் இருந்தால் இதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பேசாமல் நிற்கிற நேரம்தான் இதில் கடினம். கதையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவருவதா, ஐயோவாவிலேயே விடுவதா என்று கேட்பார்கள். விட்டுவிடச் சொல்லுங்கள். அடுக்களையில் அந்தப் பெண்கள் நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்காமலே புரியும்.

வகுப்பில் எல்லாருமே மேடை ஏற ஆசைப்படுகிறார்கள் என்றால் அயர்லாந்தின் லேடி கிரகரி எழுதிய 'ஸ்ப்ரெடிங் தி நியூஸ்' என்ற வதந்தி நாடகம் ஒன்று இருக்கிறது. டப்ளினில் ஆபி தியேட்டர் 1904 டிசம்பர் 27ஆம் தேதி திறந்தபோது முதல் நாளே நடந்த நாடகம். பத்துப் பாத்திரங்கள். சந்தையில் ஒருவன் தன் வைக்கோல் கவையை மறந்துவிட்டுப் போகிறான். இன்னொருவன் அதைக் கொடுக்கப் பின்னாலேயே ஓடுகிறான். காது மந்தமான ஆப்பிள்காரி ஒருத்தி வாயில் விழுந்து, அது கவையால் குத்த ஓடியதாக மாறி, கொலையே நடந்துவிட்டதாக ஊர் முழுக்கப் பரவுகிறது. செத்ததாகச் சொல்லப்படுகிறவனின் மனைவி வேலியில் துணி விரித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆப்பிள்காரி சொல்ல, கேட்டவர்கள் பிணத்துக்குத் துணி விரிக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நீதிபதியோ அந்தமானில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்தக் கண்ணோடுதான் எல்லாரையும் குற்றவாளியாகப் பார்க்கிறார். அந்தமான் சிறை நம் நினைவில் இருக்கிறதே, நம் ஊர்ச் சபைக்கு அந்த இடம் நன்றாகப் பிடிபடும். ஒரு குறையையும் சொல்லி வைக்க வேண்டும்: வேகம் குறைந்தால் நாடகமே படுத்துவிடும். ஒருவர் வசனம் மறந்து நின்றால் சிரிப்பு அங்கேயே அறுந்துபோகும். ஒத்திகைக்கு மூன்று வாரமாவது இல்லை என்றால் வேண்டாம்.

இரண்டையும் நீங்களே தமிழில் பெயர்த்துக் கொடுக்கலாம். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. லேடி கிரகரி 1932லும் கிளாஸ்பெல் 1948லும் இறந்தார்கள். வேறு யாராவது செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' உங்கள் பட்டியலில் வருமா என்று யோசித்துப் பாருங்கள். சாதிக் கொடுமையைப் பேசிக்கொண்டே, அதற்குள்ளும் பெண் எங்கே நிறுத்தப்படுகிறாள் என்று கேட்கிற நாடகம். அவர் 2016ல்தான் மறைந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்க வேண்டும். துறைத்தலைவரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பாதி ஒத்திகையில் நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் மனசு உடைந்துபோகும்.

சலுகை என்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். சாமுவேல் பெக்கெட் 1982ல் 'கட்டாஸ்ட்ரஃபி' என்று ஒரு சிறிய நாடகம் எழுதி, அப்போது செக்கோஸ்லோவாகியச் சிறையில் இருந்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலுக்குச் சமர்ப்பித்தார். மேடை நடுவில் ஒருவன் வாய் பேசாமல் நிற்கிறான். இயக்குநர் சொல்லச் சொல்ல, உதவியாளர் அவனுடைய உடையையும் கையையும் தலையையும் பொம்மைபோலத் திருத்துகிறார். கடைசியில் அவன் தானாகத் தலையை நிமிர்த்துகிறான். ஹாவெல் விடுதலையானதும் பெக்கெட்டுக்கு ஒரு குறுநாடகத்தைச் சமர்ப்பித்தார். கூட எழுதுகிறவருக்காகத் துணிந்து நிற்பது நம் தொழிலில் பழைய வழக்கம்தான். (பெக்கெட்டுக்குக் காப்புரிமை இன்னும் உண்டு. கல்லூரி விழாவுக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டாம்.)

கல்லூரிக்கு எழுதும்போது 'அருமை', 'அற்புதம்' எதுவும் வேண்டாம். ஒவ்வொரு நாடகத்துக்கும் அரைப் பக்கம் போதும். எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, எத்தனை நிமிடம், என்னென்ன சாமான், மைக் இல்லாமல் முடியுமா, அனுமதி யாரிடம் கேட்பது, எங்கே சறுக்கும் என்று எழுதுங்கள். நண்பரின் நாடகத்துக்கும் எங்கே சறுக்கும் என்பதை எழுதத்தான் வேண்டும். அப்படியே அவருக்கு ஒரு சிறு தொகையும் வந்து போகும் பஸ் செலவும் கேளுங்கள். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கிறவர்கள் எழுதியவருக்கும் கொடுக்கட்டும்.

முடிவு இழுக்கிறது என்பதை அவர் கல்லூரியின் வாய் வழியாகக் கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் உங்களிடம் கேட்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களாக நாலைந்து பேரை வாசிக்க வையுங்கள். அவர் கூச்சப்பட்டால் அடுத்த அறையில் உட்காரட்டும். கடைசிப் பக்கம் வரும்போது வாசிக்கிறவர்களின் குரல் தொய்வது சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கே கேட்டுவிடும். வாசித்து முடிந்ததும் காபி போடப் போய்விடாதீர்கள், நேராக அவரிடம் போங்கள்.