கழுத்தில் போடும் ஊசி மூச்சைப் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 61. தோள்பட்டைத் தசைநாண் கிழிந்திருப்பதால் அறுவைச் சிகிச்சை செய்யவிருக்கிறார்கள். முழு மயக்கத்தோடு, வலி தெரியாமலிருக்கக் கழுத்திலும் ஓர் ஊசி போடுவார்களாம். எனக்கு நெடுநாளாக ஆஸ்துமா உண்டு. அந்த ஊசி மூச்சை அடைத்துவிடும் என்கிறார் உறவினர். மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்க வேண்டாம், ஆனால் ஊசியை எங்கே போடுவார்கள், மருந்தின் அளவு என்ன என்று மயக்க மருந்து நிபுணரிடம் அவசியம் கேளுங்கள். உங்கள் உறவினரின் பயம் ஆதாரமற்றதல்ல. தோளுக்குச் செல்லும் நரம்புகள் கழுத்தின் பக்கவாட்டில் இரு தசைகளுக்கு நடுவே இறங்குகின்றன. 1970-இல் வின்னி என்ற மருத்துவர் விவரித்த முறையில் அங்கே 20 மில்லி அல்லது அதற்கு மேல் மருந்து செலுத்தினால், மூச்சிழுக்க உதவும் முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்கும், அருகிலேயே ஓடும் நரம்பும் மரத்து, அந்தப் பக்கத்து உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்குமே பல மணி நேரம் செயலற்றுப்போகும். நுரையீரல் நன்றாக இருப்பவர்களில் பலர் இதை உணர்வதுகூட இல்லை. ஏற்கெனவே மூச்சுத் திணறல் உள்ளவருக்கோ, நுரையீரலின் கொள்திறனில் ஏறத்தாழ கால் பங்கு குறைவது பெரிய இழப்பு.

இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பையும் ஊசி முனையையும் பார்த்தபடியே மருந்து செலுத்துவதால், 5 முதல் 10 மில்லியே பல நேரங்களில் போதுமானதாகிறது. சற்றுக் கீழே, ஐந்தாம் ஆறாம் கழுத்து நரம்புகள் ஒன்றுசேர்ந்த மேல்தண்டில் போடுவது இன்னொரு வழி. கழுத்தையே விட்டுவிட்டு, தோள்பட்டை எலும்பின் பின்புறம் சூப்ராஸ்காபுலர் நரம்பையும், மேற்கையில் ஆக்சிலரி நரம்பையும் தனித்தனியே மரக்கச் செய்வது மூன்றாவது. இதில் முதல் சில மணி நேர வலி நிவாரணம் சற்றுக் குறையக்கூடும் என்றாலும், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு நான் இதையே விரும்புவேன். கட்டுக்குள் இருந்தால் மேல்தண்டு முறையே போதும்.

ஊசி போட்ட பக்கம் இமை சற்றுத் தாழ்வதும் குரல் கரகரப்பதும் மருந்தின் வேகம் குறைந்ததும் சரியாகிவிடும். மூச்சுத் திணறல் கூடினால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

பலரும் தவிப்பது அன்றிரவுதான். மருந்தின் வேகம் பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தீர்ந்து, வலி திடீரென்று முழு வேகத்தில் தாக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்தால் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். எனினும் கை மரத்திருக்கும்போதே, வலிக்காகக் காத்திராமல், மாத்திரைகளைத் தொடங்கிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் இழுப்பைத் தூண்டும் என்பதால், முன்பு அப்படி நேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, மாற்று மருந்தை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.