சிறு தீவு உணவு உற்பத்தியாளர்கள் ஏற்றுமதித் தரத்தை எட்ட முதலில் எதற்கு உதவ வேண்டும்?

மாலத்தீவு, ஃபிஜி, வனுவாட்டு போன்ற தீவு நாடுகளின் சிறு உற்பத்தியாளர்கள் ஐரோப்பியச் சந்தையின் உணவுப் பாதுகாப்புத் தரத்தை எட்ட, வெளியிலிருந்து உதவுபவர்கள் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் மீன் பதப்படுத்தும் நிறுவனங்களுக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹாசப் (HACCP, உணவு தயாரிப்பில் ஆபத்து வரும் கட்டங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் முறை) சான்றிதழுக்கு ஆலோசகரை அமர்த்துவதற்கு முன்பாக, ஒரு பொருளையும் அதன் முதன்மையான ஆபத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஆபத்து உருவாகும் இடத்தில் பணத்தைப் போடுங்கள்.

சூரை மீனில் அந்த இடம் படகுதான். பிடித்த மீனை உடனே குளிர்விக்காவிட்டால், அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள், உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நச்சுப் பாதிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அப்படி உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும், உறையவைத்தாலும், டின்னில் அடைத்துச் சூடேற்றினாலும் போகாது. ஆகவே கரையில் எவ்வளவு பளபளப்பான எவர்சில்வர் மேசை போட்டாலும் கடலில் கைவிட்டதை மீட்க முடியாது. (நிதி கொடுப்பவர்களுக்குப் புகைப்படம் எடுக்க மேசைதான் தோது, ஐஸ் உருகிவிடுகிறதே!) சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இதன் நுட்பம் புரியும். ஐஸைப் பெரிய கட்டிகளாகப் போட்டால் மீனின் ஒரு பக்கத்தில் மட்டுமே படும். நன்றாகப் பொடித்து, ஏறக்குறைய மீனின் எடைக்குச் சமமாக எடுத்து, அடுக்கடுக்காகப் பரப்பினால்தான் முதுகெலும்பு வரை குளிர் இறங்கும். தெர்மாமீட்டர் ஊசியையும் அந்த ஆழத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பரிசோதனைச் செலவு. ஐரோப்பிய விதிப்படி ஹிஸ்டமினுக்கு ஒரு பேட்ச்சிலிருந்து (சரக்குத் தொகுதியிலிருந்து) 9 மாதிரிகள் எடுக்க வேண்டும்; அவற்றின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 2 மாதிரிகள் மட்டுமே 100 முதல் 200 வரை இருக்கலாம், ஒன்றுகூட 200ஐத் தாண்டக் கூடாது. இருநூறு கிலோவுக்கும் இருபது டன்னுக்கும் அதே 9 மாதிரிகள் என்றால், சிறியவருக்குக் கிலோவுக்கு விழும் செலவு எங்கேயோ போய்விடும். கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே பேட்ச்சாக அனுப்புவதே இதற்கு வழி. ஆனால் ஒரு படகின் மீன் தவறினால் மொத்தச் சரக்கும் நிராகரிக்கப்படும் என்பதால், படகுவாரியான அடையாளச் சீட்டு இல்லாமல் சேர்ப்பது வினையாகிவிடும்.

தேங்காய் எண்ணெயில் கவனிக்க வேண்டியது கொப்பரை உலர்த்தும் முறை. புகை நேரடியாகப் பட்டால் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்கள் எண்ணெயில் சேரும். புகையைத் தனிக்குழாயில் வெளியேற்றும் உலர்த்தியோ சூரிய உலர்த்தியோ இருந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் மீனைப் பொறுத்தவரை நாடே ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். இந்தியாவில் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் இருப்பதுபோல, அங்கே அங்கீகரிக்கப்பட்ட அரசு அதிகார அமைப்பு ஒன்று தேவை. தனி உற்பத்தியாளருக்கு உதவி இதை மாற்ற முடியாது. அந்த அமைப்புக்கும் ஆய்வகத்துக்கும் ஆள் பயிற்சி வேண்டும். உலக வர்த்தக அமைப்பு, எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு) உள்ளிட்டவை இணைந்து நடத்தும், வளரும் நாடுகள் உணவுப் பாதுகாப்புத் தரங்களை எட்ட உதவும் எஸ்.டி.டி.எஃப். (STDF) நிதியத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், அரசையும் கூட்டுறவையும் ஒரே திட்டத்தில் சேர்த்து எழுதுங்கள்.